ஸ்லாஷர் சரியாக வெட்டவில்லையா? வெட்டிய புல்லைப் பார்த்தே கோளாறைப் பிடிக்கலாம்

கடலூர் மாவட்டத்திலும் புதுவைப் பக்கத்திலும் ரோட்டவேட்டர் ஓட்டத் தெரியாத டிராக்டர் டிரைவர் அநேகமாக இல்லை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷர் அப்படியில்லை. முந்திரித் தோப்பில் தரை சுத்தம் செய்யவும், மாடு மேயும் தரிசில் முற்றிய புல்லையும் புதரையும் கழிக்கவும் ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் பலர் அதை வாங்குகிறார்கள், அல்லது வாடகைக்கு எடுக்கிறார்கள். ரோட்டவேட்டர் ஓட்டிய கையோடு அதே ஷாஃப்ட் (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுவரும் தண்டு), அதே டாப் லிங்க் (கருவியின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் கம்பி), அதே ஓட்டம் என்று ஸ்லாஷரையும் ஓட்டுகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறுகளில் பெரும்பகுதி அங்கேதான் ஆரம்பம்.

ரோட்டவேட்டர் மண்ணுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் கருவி. அதன் பாரத்தை மண் தாங்கும், அது வெட்டுவதும் மண்ணைத்தான். ஸ்லாஷரின் பிளேடு மண்ணைத் தொடவே கூடாது. வேகத்தை மட்டுமே நம்பி, காற்றில் சுற்றி, புல்லை அடித்து அறுக்கிறது. அதனால் அதன் உயரம், சாய்வு, சுழற்சி மூன்றும் சரியாக இருந்தால்தான் வெட்டு விழும். எது தவறு என்பதை வெட்டிய தரையே காட்டிவிடும். பத்து மீட்டர் ஓட்டி, இறங்கி, திரும்பி நடந்து பாருங்கள். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

கை வைக்கும் முன்

பி.டி.ஓ.வை, அதாவது ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் டிராக்டரின் பின்முனையை, விலக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்ற பிறகும் பிளேடு சிறிது நேரம் சுற்றும். அது நின்றதைக் கண்ணால் பார்க்காமல் அருகே போகாதீர்கள். ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய ஸ்லாஷருக்கு அடியில் அப்படியே தலையை விடக் கூடாது. ஒரு ஓ-ரிங் தேய்ந்திருந்தாலோ, யாராவது லீவரைத் தட்டினாலோ இறங்கிவிடும். கனமான மரக்கட்டையையோ இரும்பு ஸ்டாண்டையோ முட்டுக் கொடுங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டாம், நொறுங்கிவிடும்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, இந்த மூன்றோடும் ஓடும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஷாஃப்ட் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதை மாற்றிய பிறகுதான் வேலை. ரோட்டவேட்டரில் உறை இல்லாமலே ஓட்டிப் பழகியவர்கள் நம்மிடையே நிறைய. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. துணியின் நுனி சிக்கினால் சுதாரித்துக் கையை இழுக்க நேரம் கிடைக்காது.

முதலில் மட்டம்

கீழே வரும் அறிகுறிகளில் பாதி, மட்டம் சரியானதும் தானாகப் போய்விடும். அதனால் இதை அவசரப்படாமல் செய்யுங்கள். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இதற்கு நல்ல இடம். முதலில் டிராக்டரின் இரண்டு பெரிய டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் குறைவாக இருந்தால், பிறகு செய்யும் அளவெல்லாம் பொய்.

இடம் வலம்: ஸ்லாஷரின் இரு பக்க விளிம்பிலிருந்தும் தரைக்கு டேப் பிடித்து அளவெடுங்கள். கருவியைக் கீழே பிடித்துத் தூக்கும் இரு கைகளில் வலதின் (லோயர் லிங்க்) மேல் இருக்கும் லெவலிங் கைப்பிடியைச் சுற்றி இரண்டையும் சமமாக்குங்கள். சைடு செயின் இரண்டும் லேசான ஆட்டம் மட்டும் இருக்கும்படி இறுகியிருக்கட்டும்.

முன் பின்: இங்கேதான் மேல் தகட்டை அளந்து பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஸ்லாஷரின் தகடு கட்டையில் மோதி நெளிந்திருக்கும். அளக்க வேண்டியது பிளேடின் நுனியை. பிளேடைக் கையால் திருப்பி, நுனி முன்பக்கம் டிராக்டரை நோக்கி இருக்கும்போது தரையிலிருந்து உயரம் பாருங்கள். பிறகு அதே நுனியைப் பின்னால் கொண்டுவந்து பாருங்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் 12 முதல் 25 மி.மீ. வரை, அதாவது அரை முதல் ஒரு அங்குலம், தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் முன்னால் வரும்போது பிளேடு புல்லை ஒரே அடியில் அறுக்கும், பின்னால் சுற்றிப் போகும்போது வெட்டிய தாளுக்கு மேலே சும்மா போகும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அறுத்ததையே மறுபடி மறுபடி அரைக்கும். துண்டு பொடியாகும் என்பது உண்மை. ஆனால் டீசல் கூடும், இன்ஜின் திணறும்.

இதை அமைக்கும் வரிசையும் முக்கியம். முன் உயரத்தை ஹைட்ராலிக் பொசிஷன் லீவரால் வையுங்கள். டிராஃப்ட் லீவருக்கு இங்கே வேலையில்லை. அது உழவுக்கானது, ஸ்லாஷரில் அதை விட்டுவைத்தால் ஆட்டம் காட்டும். பின் உயரத்தை வால் சக்கரத்தால் வையுங்கள். கடைசியாகத்தான் டாப் லிங்க். பல ஸ்லாஷர்களில் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் நீள்துளையோ, மடங்கும் பட்டையோ, சங்கிலியோ இருக்கும். மட்டமான தரையில் டாப் லிங்க் மாட்டும் பின் (pin) அந்த நீள்துளையின் நடுவில் நிற்க வேண்டும். பட்டையோ சங்கிலியோ என்றால் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும்.

ரோட்டவேட்டர்காரர் கை இதற்கு ஒத்துழைக்காது. டாப் லிங்கை முறுக்கி இறுக்கிவிட்டுத்தான் ஓயும். இறுக்கினால் ஸ்லாஷர் டிராக்டரோடு ஒரே உடம்பாகிவிடும். முன்சக்கரம் வரப்பு ஏறினால் ஸ்லாஷரின் வால் தரையில் குத்தும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வால் தூக்கி, முன்பக்கப் பிளேடு மண்ணை வெட்டும். அந்தத் தளர்வு இருந்தால்தான் வால் சக்கரம் தரையின் போக்கில் தானாக ஏறி இறங்கும்.

வால் சக்கரமே இல்லாமல் இரு பக்க ஸ்கிட் (தரையில் சறுக்கும் பட்டை) மட்டும் உள்ள சின்ன ஸ்லாஷர்களும் விற்பனையில் உண்டு. அவற்றில் சாய்வை டாப் லிங்கால்தான் வைக்க முடியும். டாப் லிங்கைச் சுருக்கினால் பின்பக்கம் உயரும், நீட்டினால் தாழும். ஸ்கிட் உழவுக்கால் மாதிரி எப்போதும் தரையில் உரசிக்கொண்டே போகக் கூடாது. மேடு வந்தால் பிளேடைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது.

வரிவரியாகப் புல் நிற்கிறது

எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டயர் போன தடத்தில் மட்டும் நின்றால் கருவியில் பெரிய குற்றம் இல்லை. டயர் அமுக்கிய புல் நிமிர்வதற்குள் பிளேடு மேலே போய்விடுகிறது. ஈரமான காலையில் இது அதிகம் நடக்கும். வெயில் ஏறி, பனி உலர்ந்த பிறகு வெட்டுங்கள். அடுத்த சுற்றை எதிர்த்திசையில் ஓட்டினால் படுத்த புல் பெரும்பாலும் அறுபடும். டிராக்டரின் டயருக்கு டயர் வெளி அகலம் ஸ்லாஷரைவிடக் கூடுதல் என்றால், வெளிப்பக்க டயர் எப்போதும் வெட்டாத புல்லை மிதித்துக்கொண்டேதான் போகும். நான்கடி ஸ்லாஷரை 45 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம். பக்கவாட்டில் தள்ளி மாட்டும் வசதி கருவியில் இருந்தால் ஒரு பக்க டயரையாவது மறைக்கும்படி தள்ளி மாட்டுங்கள்.

நடுவில் ஒரு வரி நின்றால், அல்லது தடம் இல்லாத இடத்தில் நின்றால், பிளேடைப் பாருங்கள். ஸ்லாஷரின் பிளேடுகள் ஒரு பெரிய போல்ட்டில் தளர்வாகத் தொங்குபவை. சுற்றும்போது விசையால் நீண்டு நிற்கும், கட்டையில் மோதினால் பின்னால் மடங்கி விலகும். அந்தப் போல்ட்டைச் சுற்றி ஈரப்புல்லும் செம்மண்ணும் சேர்ந்து இறுகினால் ஒரு பிளேடு மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு கம்பால் ஒவ்வொரு பிளேடையும் தள்ளிப் பாருங்கள். எளிதாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் ஆடாவிட்டால் போல்ட்டையும் புஷ்ஷையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் வேகம். இரண்டு பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 970 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடிக்கு ஒரு இடத்தை 32 முறை பிளேடு கடக்கும். டிராக்டர் மணிக்கு 5 கி.மீ. போனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நான்கு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். 10 கி.மீ. போனால் அது எட்டரை செ.மீ. தர்ப்பையும் நாணலும் கலந்து கிடக்கிற தரிசில் அந்த இடைவெளியில் எத்தனையோ தாள் தப்பிவிடும். கரடான இடத்துக்கு 3 முதல் 5 கி.மீ. போதும். மீட்டரை நம்ப முடியாவிட்டால் 30 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, நேரம் பாருங்கள். 22 விநாடி எடுத்தால் 5 கி.மீ., 36 விநாடி எடுத்தால் 3 கி.மீ.

வெட்டுவதற்குப் பதில் கிழிக்கிறது, மடக்கிவிட்டுப் போகிறது

அறுபட்ட தாளின் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி பிய்ந்து நார் நாராக இருக்கிறதா? ஒன்று பிளேடு மழுங்கியிருக்கும், இல்லையென்றால் சுழற்சி போதாது. நான் முதலில் சுழற்சியைத்தான் சந்தேகப்படுவேன். காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது அதுதான்.

ஐந்தடி ஸ்லாஷரின் கியர் பாக்ஸ் ஒன்றுக்கு 1.8 என்ற விகிதத்தில் வேகத்தைக் கூட்டுகிறது என்று கொண்டால், பி.டி.ஓ. 540-ல் ஓடும்போது பிளேடின் நுனி மணிக்கு 270 கி.மீ.க்கு மேல் பறக்கும். டீசலை மிச்சம் பிடிக்க ஆக்சிலரேட்டரைக் குறைத்து, பி.டி.ஓ. 400-க்கு இறங்கினால் நுனி வேகம் 200 ஆகக் குறையும். வேகம் கால் பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் போவதால், அது ஏறக்குறைய பாதியாகிவிடும். ரோட்டவேட்டரில் குறைந்த சுழற்சியில் கட்டி கொஞ்சம் பெரிதாக விழும், அவ்வளவுதான். ஸ்லாஷரில் வெட்டே விழாது.

ஆர்.பி.எம். மீட்டரில் 540 என்று குறி போட்டிருக்கும். அந்த இன்ஜின் வேகம் ஒவ்வொரு டிராக்டருக்கும் வேறு, பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் செத்திருந்தால், ஸ்லாஷரை மாட்டாமல் வெறும் பி.டி.ஓ. முனையில் பளபளப்பு ஸ்டிக்கர் ஒட்டி, எட்ட நின்று லேசர் டேக்கோமீட்டரால் அளந்து, மீட்டர் கண்ணாடியில் பெயிண்டால் குறி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இன்றைய டிராக்டர்களின் பி.டி.ஓ. லீவர். 540 எக்கானமி, ரிவர்ஸ், சக்கர வேகத்தோடு போகும் பி.டி.ஓ. என்று ஒரே லீவரில் பல நிலைகள் வைக்கிறார்கள். எக்கானமி குறைந்த இன்ஜின் வேகத்தில் 540 தரும். லேசான அறுகம்புல்லுக்கு அது சரி. முரட்டுப் புதரில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், சுழற்சி விழும். சக்கர வேக பி.டி.ஓ.வில் விழுந்திருந்தால் மெதுவாகப் போகும்போது பிளேடும் மெதுவாகவே சுற்றும். ரிவர்ஸில் இருந்தால் பிளேடின் கூர்ப்பக்கம் பின்னால் போய், முதுகு புல்லை அடிக்கும். தரை முழுவதும் புல் படுத்துக் கிடக்கும், ஒன்றுகூட அறுந்திருக்காது. ஸ்லாஷர் மேல் தகட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி உண்டு. திசை அம்புக்குறிப்படியே இருந்தும் முதுகே புல்லை அடித்தால், பிளேடு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம்.

சுழற்சி சரி என்றால் பிளேடுக்கு வாருங்கள். இது அரிவாள் இல்லை. சவரக் கத்தி போலத் தீட்டினால் முதல் கல்லிலேயே விளிம்பு பெயர்ந்துவிடும். விளிம்பில் ஒன்றரை மி.மீ. தடிப்பு மிச்சம் இருக்கட்டும், முதலில் இருந்த சாய்வு மாறாமல், மேல்பக்கத்தில் மட்டும் கிரைண்டர் பிடியுங்கள். இரும்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நுனி உருண்டு தேய்ந்துபோன பிளேடைத் தீட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பழைய லாரிப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) வெட்டித் துளைபோட்டுப் பிளேடாக மாட்டும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பட்டை இரும்பு வளைந்து கொடுக்க வடிவமைத்தது. பட்டறையில் சூடேற்றித் துளைபோட்ட இடத்தில் அது நொறுங்கக்கூடும். மணிக்கு 270 கி.மீ.யில் கழன்று பறக்கும் அரைக்கிலோ இரும்பைத் தகரமும் தடுக்காது, சங்கிலியும் தடுக்காது.

ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் குட்டை முடி

இடம் வலம் மட்டம் போயிருக்கிறது. களத்தில் சரியாக இருந்து வயலில் மட்டும் இப்படி என்றால், ஒரு டயர் மிருதுவான மண்ணில் புதைகிறது. தை மாதத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சில வாரங்களில், பாகூர் ஏரிப் பாசனப் பக்கத்துக் களிமண்ணிலும் காட்டுமன்னார்கோயில் பக்கமும் இது வழக்கம். மேலே பொருக்கு உலர்ந்து, அடியில் சேறு இருக்கும். கருவியைத் திருகிக்கொண்டிருக்காமல் தரை இறுகும்வரை பொறுங்கள்.

மண்ணைச் சுரண்டுகிறது, தூசி பறக்கிறது

உயரம் போதவில்லை. கரட்டு மேய்ச்சலில் 10 முதல் 15 செ.மீ. தாள் விட்டு வெட்டுவதே நல்லது. புல் சீக்கிரம் துளிர்க்கும், பிளேடும் கல்லைத் தொடாது. மொட்டையாக வெட்டினால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும் என்று நில உரிமையாளர் சொன்னால், ஒரு மூலையில் இரண்டு உயரத்திலும் வெட்டிக் காட்டி, இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உயரம் வைத்த பிறகும் மேட்டில் மட்டும் சுரண்டினால் டாப் லிங்க் தளர்வு இல்லை என்று பொருள். வரப்பு குறுக்கே வரும் இடத்தில் நேராக ஏறுங்கள், சாய்வாக ஏறினால் ஒரு மூலை கட்டாயம் மண்ணில் குத்தும். புற்று தெரிந்தால் சுற்றிப் போங்கள். உள்ளே பாம்பு இருக்கலாம், காய்ந்த புற்று பிளேடுக்குக் கல் மாதிரி.

சுரண்டலோடு கல்லும் தெறித்தால் உடனே நிறுத்த வேண்டும். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடு, திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கிற அதே கடலூர் மணற்கல் அடுக்கைச் சேர்ந்தது. கூழாங்கல் இல்லாத இடமே குறைவு. முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை முழுமையாக இருக்க வேண்டும், அறுந்த கண்ணிகளை மாட்டுங்கள். நூறு மீட்டருக்குள் ஆளோ ஆடுமாடோ இருக்கக் கூடாது. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் டிராக்டரைப் பார்க்க ஓடிவருவார்கள். வெட்டத் தொடங்குமுன் ஒருவரை வரப்பில் நிறுத்தி வையுங்கள், மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அதிர்கிறது

அதிர்வை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். புதிதாக ஓர் அதிர்வு தோன்றினால் அந்த நிமிடமே பி.டி.ஓ.வை விலக்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். எதிரெதிரே உள்ள இரண்டு பிளேடில் ஒன்று 100 கிராம் எடை குறைந்துவிட்டது, அது சுழல்மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 970 சுற்றில் அந்த 100 கிராம் வித்தியாசம் சுமார் 60 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாகிறது. அந்த இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் கியர் பாக்ஸின் தண்டைத் திசை மாற்றி மாற்றி இழுக்கும். முதலில் பேரிங் போகும், பிறகு சீல், பிறகு தகட்டில் வெல்டிங் விடும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் பிளேடுகள்: ஒன்று உடைந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, மடங்கி நிற்கிறதா. ஒன்று உடைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஜோடி ஆகாது. தீட்டிய பிறகு இரண்டையும் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள், கனமானதை இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சமப்படுத்துங்கள். மாட்டும்போது போல்ட்டைக் கைப்புத்தகம் சொல்லும் டார்க் அளவுக்கு இறுக்குங்கள். இந்தப் போல்ட்டின் இறுக்கம் சாதாரண ஸ்பேனரில் கைபலத்தால் வராது, டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல். சில மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

அடுத்தது, பிளேடு தாங்கும் வட்டத் தட்டு. இங்கே தானே புயலை நினைக்காமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே அது கரையேறியபோது சாய்ந்த முந்திரியும் பலாவும் ஏராளம். மரத்தை அறுத்து எடுத்தவர்கள் எல்லோரும் அடிக்கட்டையைத் தோண்டவில்லை. தோண்டாத தோப்புகளில் புல்லுக்குள் மறைந்திருக்கும் கட்டையில் இன்றைக்கும் மோதலாம். மோதியபின் தட்டு லேசாக வளைந்தாலும் அதிரும். ஒரு செங்கல்லில் சாக்பீஸை நிறுத்தி, தட்டின் விளிம்பைத் தொடும்படி வைத்து, தட்டைக் கையால் ஒரு சுற்று திருப்புங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் வளைந்திருக்கிறது. புதுத் தோப்பில் இறங்கும் முன் ஒருமுறை நடந்து பார்த்து, கட்டை உள்ள இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுவது எனக்குப் பழக்கம். எத்தனையோ முறை கருவியைக் காப்பாற்றியிருக்கிறது.

பிளேடும் தட்டும் சரி என்றால் ஷாஃப்ட். அதன் நடுவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கவையும் (கிராஸைப் பிடிக்கும் இரு கொம்பு முனை) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சதுரக் குழாய் ஷாஃப்டை கிரீஸ் போடக் கழற்றி மாட்டும்போது கால் சுற்று மாறிப் போனால், சமமாகச் சுற்றாமல் வெட்டி வெட்டி இழுக்கும். மூட்டில் உள்ள சிலுவை வடிவ கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாஃப்டைப் பிடித்து அசைத்தால் கடக்கென்று சத்தம் வந்தால் கிராஸ் மாற்றும் நேரம்.

தூக்கும்போதும் திருப்பும்போதும் மட்டும் கடகடவென்று அடிக்கிறது

வரப்போரம் திரும்ப, பி.டி.ஓ. ஓட ஓட ஹைட்ராலிக்கைத் தூக்குவது இன்னொரு ரோட்டவேட்டர் பழக்கம். ஷாஃப்டின் கோணம் கூடக்கூட கிராஸ் முக்கும். பி.டி.ஓ.வை விலக்கி, பிளேடு நின்றபின் தூக்குங்கள். திரும்ப மட்டும் என்றால் முழு உயரத்துக்குத் தூக்கத் தேவையே இல்லை, சற்றே தூக்கினால் போதும்.

ரோட்டவேட்டரின் ஷாஃப்டையே மாட்டியிருந்தால் நீளத்தையும் பாருங்கள். மிகவும் சுருங்கும் நிலையில் உள்குழாய் முட்டாமல் குறைந்தது 25 மி.மீ. இடம் இருக்க வேண்டும். முட்டினால் அந்தத் தள்ளு டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கிலும் ஸ்லாஷரின் கியர் பாக்ஸிலும் விழும். நீளும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

கிளட்ச் மிதித்தும் டிராக்டர் முன்னே தள்ளுகிறது

பிரேக் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒற்றை கிளட்ச் டிராக்டரில், கிளட்சை மிதித்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான பிளேடுத் தட்டு பி.டி.ஓ. வழியாகக் கியரைத் திருப்பி, சக்கரத்தை ஓட்டுகிறது. ரோட்டவேட்டர் மண்ணுக்குள் இருப்பதால் உடனே நின்றுவிடும், இந்த அனுபவமே அதில் கிடைக்காது. கிணற்றோரத்திலோ வேலியோரத்திலோ இது உயிருக்கே ஆபத்து. பி.டி.ஓ. முனையில் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு இணைப்பை மாட்டினால், டிராக்டர் ஸ்லாஷரைச் சுற்றும், ஸ்லாஷர் டிராக்டரைச் சுற்றாது. அதை மாட்டியதும் ஷாஃப்டின் நீளத்தை மறுபடி பாருங்கள், அந்த இணைப்பும் கொஞ்சம் இடம் பிடிக்கும். டூயல் கிளட்சோ தனி பி.டி.ஓ. கிளட்சோ உள்ள டிராக்டரில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்லிப் கிளட்ச் புகைகிறது, அல்லது ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறது

இரண்டும் கியர் பாக்ஸைக் காக்க வைத்தவை: பாரம் மீறினால் ஸ்லிப் கிளட்ச் நழுவும், ஷியர் போல்ட் அறும். ஷியர் போல்ட் அறுகிறது என்று ஹை-டென்சில் போல்ட் போட்டால், அடுத்த மோதலில் அறுவது கியரின் பல்லாக இருக்கும். கைப்புத்தகம் சொன்ன தரத்தில் நாலைந்து வாங்கி டூல் பாக்ஸில் வையுங்கள். அடிக்கடி அறுந்தால் கருவிக்கு மீறிய தடியை வெட்டுகிறீர்கள், அல்லது முழு ஆக்சிலரேட்டரில் சடாரென்று பி.டி.ஓ.வைச் சேர்க்கிறீர்கள். இன்ஜின் மெதுவாக ஓடும்போது சேர்த்து, பிறகு படிப்படியாக 540-க்கு ஏற்றுங்கள்.

ஸ்லிப் கிளட்சுக்கு நம் ஊர் மழைதான் எதிரி. ஐப்பசி கார்த்திகையில் கொட்டகையில் நின்ற கருவியின் கிளட்ச் தட்டுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும். தையில் எடுத்து நேராகத் தோப்பில் இறக்கினால், கட்டையில் மோதும்போது நழுவ வேண்டியது நழுவாது. பருவத்தின் முதல் நாளில் இதைச் செய்யுங்கள்: ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நட்டையும் ஒரே அளவு தளர்த்துங்கள். தட்டுகளின் விளிம்பில் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு இழுங்கள். உறைகளை மாட்டி, ஆட்களை விலக்கி, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று விநாடி மட்டும் சேர்த்து எடுங்கள். எல்லாம் நின்றபின் பார்த்தால் கோடு விலகியிருக்க வேண்டும். விலகாவிட்டால் தட்டுகளைப் பிரித்துத் துருவைத் தேய்க்க வேண்டியதுதான். விலகியிருந்தால் ஸ்பிரிங்கைப் பழைய நீளத்துக்கே இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். எழுதிய அளவும் கைப்புத்தக அளவும் வேறாக இருந்தால் கைப்புத்தகமே சரி.

ஓடும்போது புகைவது இதற்கு நேரெதிர். ஸ்பிரிங் தளர்ந்து எப்போதும் நழுவுகிறது, அல்லது தட்டின் லைனிங் தேய்ந்துவிட்டது. பங்குனி சித்திரையில் காய்ந்த சருகு கிளட்ச் மேலேயே குவிந்து கிடக்கும், அந்தச் சூடு போதும் தோப்பு பற்றிக்கொள்ள. சருகைத் தட்டிவிட்டுக்கொண்டே இருங்கள், வண்டியில் இரண்டு குடம் தண்ணீராவது இருக்கட்டும். முந்திரித் தோப்பில் கொட்டை விழத் தொடங்குவதற்கு முன், மாசிக்குள் தரையைச் சுத்தம் செய்துவிட்டால் இந்த அபாயமும் குறையும், கொட்டை பொறுக்குவதும் எளிது.

இன்ஜின் திணறுகிறது

மட்டம், சுழற்சி, கூர் மூன்றும் சரியாக இருந்தும் திணறினால் ஒரேயடியாக ஆளுயரப் புல்லில் இறங்கியிருப்பீர்கள். இரண்டு தடவையாக வெட்டுங்கள்: முதலில் உயர்த்தி, அடுத்து வேண்டிய உயரத்தில். அல்லது ஸ்லாஷரின் பாதி அகலத்தை மட்டும் புதுப் புல்லில் விடுங்கள். ஓரடி அகலத்துக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது பொதுக் கணக்கு, புதர் அடர்ந்தால் ஏழெட்டு.

கியர் பாக்ஸ் சூடு, எண்ணெய்க் கசிவு

மேலே மூச்சுத்துளை மூடியைச் சுற்றி எண்ணெய் என்றால், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறது அல்லது அந்தத் துளை சருகுத் தூளால் அடைத்திருக்கிறது. கருவி ஆறியபின், மட்டமான தரையில் அளவு பாருங்கள்.

அடியில் கசிந்தால் கெட்ட செய்தி. பெரும்பாலும் கம்பி வேலை. பழைய வேலியின் முள்கம்பியும், நைலான் கயிறும், மாட்டுக் கயிறும் தண்டைச் சுற்றிக்கொண்டு சீலைத் தின்றுவிடும். தட்டுக்கு மேலே கையை விட்டுத் தடவாமல், டார்ச் அடித்துப் பார்த்து, கொக்கியால் இழுத்து எடுங்கள். சீல் போன பிறகு தினமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஓட்டுவது வீண். ஊற்றிய எண்ணெய் வெளியே வருகிற வழியாகவே மண் உள்ளே போகும்.

முன்சக்கரம் லேசாகிறது

ஸ்டியரிங் பிடிக்காமல் வழுக்கினால் முன்னால் எடை மாட்டுங்கள். ஸ்லாஷரைத் தூக்கிய நிலையிலும் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் இருக்க வேண்டும்.

வெட்டிய இடத்திலேயே டயர் பஞ்சர்

சீமைக் கருவேலம் உள்ள தரிசில் இது தவிர்க்க முடியாதது போலத் தெரியும். விரல் தடிமன் உள்ள துளிரை ஸ்லாஷர் சுலபமாக வெட்டும். ஆனால் வெட்டுப்பட்ட முளை கூர்மையாக, சாய்வாக நிற்கும். அடுத்த சுற்றில் டயர் அதன்மேல் ஏறும். போதாததற்கு, வெட்டிய கருவேலம் சாவதில்லை, அடியிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்த்து, அடுத்த வருடம் இன்னும் அடர்த்தியாக வரும். ஸ்லாஷரை எப்படித் திருகினாலும் இது தீராது. பெரிய தூர்களை ஜே.சி.பி. வைத்து வேரோடு எடுத்து, குழியை மூடி, அதன்பிறகு புல்லுக்கு மட்டும் ஸ்லாஷரை விடுங்கள். அது முடியாவிட்டால் கருவேலம் நிற்கும் பகுதியைத் தனியாக ஒதுக்கி, கடைசியாக, வெளியிலிருந்து உள்ளே போகாமல் உள்ளிருந்து வெளியே வரும்படி வெட்டுங்கள். திரும்பி வெட்டிய இடத்தின்மேல் ஏற வேண்டிய தூரம் குறையும். முடித்ததும் நான்கு டயரையும் கையால் தடவி, பதிந்த முள்ளைக் குறடால் பிடுங்கிவிட்டு ரோட்டில் ஏறுங்கள். தோப்பில் மேலாகக் குத்தி நின்ற முள், தார் ரோட்டில் ஓடும்போதுதான் ட்யூப் வரைக்கும் இறங்கும்.